ரோபோவின் கை இருக்கட்டும், முதலில் கண் வரட்டும்! புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்கு எது அவசரம்?

"ரோபோ ஆபரேஷன்னா மிஷினே அறுத்து, மிஷினே தைச்சிருமாமே... டாக்டர் சும்மா பக்கத்துல நிப்பாராமே, நெசமா?"

அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுக்கப்பட்ட வீட்டில் இன்று இந்தக் கேள்வி ஒரு முறையாவது வந்துவிடுகிறது. யூடியூப் பார்த்த பேரன் ஒரு பதில் சொல்வான். சென்னையில் வேலை பார்க்கும் மருமகன் வேறொரு பதில் சொல்வார். தனியார் மருத்துவமனையின் விளம்பரப் பலகை மூன்றாவதாக ஒன்று சொல்லும். மூன்றிலுமே ரோபோவின் கைதான் கதாநாயகன். விளம்பரப் படத்திலும் அதுதான்: நோயாளியின் மேல் சிலந்தி மாதிரி குனிந்து நிற்கும் நான்கு இயந்திரக் கைகள்.

அந்த நான்கில் ஒன்று கத்தியும் பிடிப்பதில்லை, ஊசியும் பிடிப்பதில்லை. அதன் நுனியில் இருப்பது கேமரா. யாரும் அதிகம் பேசாத அந்த ஒரு கையைப் பற்றித்தான் புதுக்கோட்டை மாதிரியான மாவட்டங்கள் இப்போது பேச வேண்டும். ஏனென்றால், முழு ரோபோ வந்து சேர்வதற்கு முன்பே அந்தக் கண் மட்டும் தனியாக இங்கே வந்துவிட முடியும்.

சென்னையில் இருக்கு, இங்கே?

2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் ரோபோடிக் அறுவை சிகிச்சை மையத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். செலவு ரூ.34.60 கோடி. தமிழக அரசு மருத்துவமனைகளில் இந்த வசதி முதலில் வந்தது அங்கேதான். லட்சக்கணக்கில் கொடுக்க முடியாத நோயாளிக்கும் இந்தத் தொழில்நுட்பம் கிடைக்க வேண்டும் என்று ஒரு மாநில அரசு நினைத்தது பெரிய விஷயம். அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் புதுக்கோட்டையிலிருந்து சென்னை கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரையில் இருப்பவருக்கு மாவட்டத் தலைநகருக்கு வருவதே அரை நாள் வேலை. முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017 ஜூனில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு பெரிய அறுவை சிகிச்சை என்றாலே "தஞ்சாவூருக்குப் போங்க, திருச்சிக்குப் போங்க, மதுரைக்குப் போங்க" என்பதுதான் பதிலாக இருந்தது. ஒரு மருத்துவக் கல்லூரி பக்கத்தில் வந்ததும் இந்த மாவட்டத்துக்கு எவ்வளவு நிம்மதி என்பது, நோயாளியோடு கூட ஒருவர் தங்க வேண்டும், அவருக்குச் சாப்பாடு வேண்டும், அத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் போட்ட வீடுகளுக்குத் தெரியும்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஆலங்குடி பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா. பித்தப்பையில் கல். வலி தாங்க முடியாமல் வருகிறார். அவருக்குத் தேவை நான்கு கை உள்ள இயந்திரமா, இல்லை அவருடைய வயிற்றுக்குள் எது பித்தநாளம், எது ரத்தக்குழாய் என்று டாக்டருக்குத் துல்லியமாகக் காட்டும் கேமராவா? கேள்வி அவ்வளவுதான்.

ரோபோ தானாக அறுக்குமா?

அறுக்காது. இன்று மருத்துவமனைகளில் பரவலாக உள்ள எந்த அறுவை சிகிச்சை ரோபோவும் சுயமாக முடிவெடுத்து அறுப்பதில்லை. டாக்டர் சில அடி தள்ளி ஒரு மேடையில் உட்கார்ந்திருப்பார். அவர் விரலை அசைத்தால், நோயாளியின் உடலுக்குள் இருக்கும் சிறிய கருவி அதே மாதிரி அசையும். அவர் கையில் இருக்கும் லேசான நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். மணிக்கட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும் கருவி என்பதால் குறுகலான இடத்தில் தையல் போடுவது எளிது. அமெரிக்காவின் இன்ட்யூட்டிவ் நிறுவனம் தயாரிக்கும் டா வின்சி ரோபோவுக்கு அந்நாட்டு அரசு 2000-ம் ஆண்டு அனுமதி கொடுத்தது. இப்போது பிரிட்டனின் வெர்சியஸ், நம் நாட்டிலேயே தயாராகும் எஸ்எஸ்ஐ மந்த்ரா என்று போட்டிக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு முக்கியமான இழப்பு உண்டு. வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறையில் டாக்டரின் கை உள்ளே போகும். கட்டி கல் மாதிரி இருக்கிறதா, குடல் மிருதுவாக இருக்கிறதா, ரத்தக்குழாய் துடிக்கிறதா என்று தொட்டே தெரிந்துகொள்வார். லேப்ராஸ்கோப்பியில் அந்தத் தொடு உணர்வு பாதியாகக் குறைந்தது. ரோபோவில் கிட்டத்தட்ட போயே போய்விட்டது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கைக்கே உணர்த்தும் வசதியோடு டா வின்சியின் புதிய மாடல் வந்தது 2024-ல்தான். அதுவரை இருபது வருஷத்துக்கு மேல் டாக்டர்கள் கண்ணை மட்டும் நம்பித்தான் ரோபோவை ஓட்டினார்கள். தையல் நூல் இழுபடுவதைப் பார்த்தே, எவ்வளவு இறுக்குகிறோம் என்று கணித்தார்கள்.

தொட முடியாத இடத்தில் பார்வைதான் எல்லாம். அதனால்தான் கேமரா முக்கியம்.

மெழுகுவர்த்தியில் தொடங்கிய கதை

கருவறையில் தீபாராதனை காட்டும்போதுதான் மூலவரின் முகம் தெரியும். உடலுக்குள் பார்ப்பதும் அப்படித்தான். வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோவதுதான் முதல் சிக்கல். 1806 வாக்கில் ஜெர்மன் மருத்துவர் பிலிப் பொசினி ஒரு மெழுகுவர்த்தியையும் கண்ணாடியையும் குழாயையும் வைத்து உடலுக்குள் பார்க்கும் கருவியைச் செய்தார். அன்றைய மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய திருப்பம் 1950-களில் வந்தது. அதில் ஓர் இந்தியருக்குப் பங்கு உண்டு. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் பேராசிரியர் ஹெரால்டு ஹாப்கின்ஸோடு சேர்ந்து, முடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைகளின் கட்டு வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார். 1954-ல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானது. இன்று வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபர் கேபிளுக்கும், வயிற்றுக்குள் வெளிச்சம் பாய்ச்சும் கேபிளுக்கும் தத்துவம் ஒன்றுதான். அதே ஹாப்கின்ஸ் பிறகு கண்ணாடித் தண்டுகளை வரிசையாக அடுக்கி, மிகத் தெளிவான படம் தரும் ஸ்கோப்பை வடிவமைத்தார். இன்றும் லேப்ராஸ்கோப்பியில் புழங்கும் உறுதியான ஸ்கோப்புகளில் பல அவருடைய வாரிசுகள்தான்.

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுக்கும் சிகிச்சையை 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெம்டன் உத்வாடியா செய்தார். தமிழகத்தில் கோவை டாக்டர் சி.பழனிவேலு போன்றவர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். "வசதியானவர்களுக்கான சிகிச்சை" என்று அன்று சொல்லப்பட்ட லேப்ராஸ்கோப்பி, இன்று அரசு மருத்துவமனைகளிலும் புழங்கும் சாதாரண சொல். அதாவது நல்ல கண் கீழே இறங்கிவர முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோருங்கள்

ரோபோவின் கண்ணில் அப்படி என்ன விசேஷம்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், புரிந்துவிடும். நூல் ஊசிக்கு முன்னால் போகும், பின்னால் போகும், காதுக்குள் மட்டும் போகாது. சாதாரண லேப்ராஸ்கோப்பி டாக்டர்கள் பல வருஷமாகச் செய்துவருவது ஏறக்குறைய இந்த வித்தைதான். அவர்கள் பார்ப்பது தட்டையான டிவி படம். ஆழத்தை அனுபவத்தால் ஊகிக்கிறார்கள்.

ரோபோவின் ஸ்கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேமராக்கள் உண்டு. ஒன்றின் படம் டாக்டரின் இடக்கண்ணுக்கு, மற்றதன் படம் வலக்கண்ணுக்கு. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைக் காட்டிவிடும். அதோடு 10 மடங்கு வரை பெரிதாகவும் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. சாதாரண லேப்ராஸ்கோப்பியில் கேமராவைப் பிடிப்பவர் பெரும்பாலும் ஒரு பயிற்சி டாக்டர். இரண்டு மணி நேரம் கையை ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும். "கொஞ்சம் மேல... இன்னும் கொஞ்சம்... அங்கேயே நில்லுப்பா" என்று சீனியர் சொல்லிக்கொண்டே இருப்பார். கை அசந்தால் படமும் அசையும். ரோபோவில் கேமராவை ஓட்டுவது அறுவை செய்யும் டாக்டரே. வேண்டிய இடத்தில் நிறுத்தினால் அசையாமல் நிற்கும்.

இந்த இரண்டில் முப்பரிமாணக் காட்சிக்கு ரோபோதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 3டி லேப்ராஸ்கோப்பி கேமராக்கள் தனியாகவே கிடைக்கின்றன. தியேட்டரில் போடுகிற மாதிரி ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டாக்டர்கள் திரையைப் பார்ப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பச்சை

அடுத்து வருவதுதான் இந்தக் கதையின் மையம். மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளி, அலைநீளத்தில் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதைத் தாண்டினால் அகச்சிவப்பு. டிவி ரிமோட்டின் முன்பக்க பல்பை அழுத்திப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சில செல்போன் கேமராக்கள் வழியாகப் பார்த்தால் மினுக்கும். நம் கண்ணுக்கு இல்லாத திறமை கேமராவுக்கு இருக்கிறது என்பதற்கு வீட்டிலேயே உள்ள நிரூபணம் இது.

இந்தத் திறமையை அறுவை சிகிச்சைக்குள் கொண்டுவந்தது ஒரு சாயம். பெயர் இன்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐசிஜி. மருத்துவத்தில் 1950-களிலிருந்தே புழக்கத்தில் உள்ள பழைய பொருள். ரத்தநாளத்தில் ஊசியாகப் போட்டால் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். 800 நானோமீட்டர் அளவுள்ள அகச்சிவப்பு ஒளியை அதன் மேல் பாய்ச்சினால், பதிலுக்கு சற்றே வேறு அலைநீளத்தில் ஒளியை உமிழும். கேமரா அதைப் பிடித்து திரையில் பச்சையாகக் காட்டும். கல்லீரல் இந்தச் சாயத்தை ரத்தத்திலிருந்து உறிஞ்சி, பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். டா வின்சி ரோபோவில் இந்த வசதி 'ஃபயர்ஃபிளை', அதாவது மின்மினி என்ற பெயரில் 2011-ல் சேர்ந்தது.

இதனால் யாருக்கு என்ன லாபம்? மூன்று உதாரணங்கள்.

முதலாவது, நம் ஆலங்குடி அம்மாவின் பித்தப்பை. கல்லீரல் சாயத்தைப் பித்தநீரில்தான் தள்ளுகிறது என்பதால், அறுவைக்கு முன்பே ஊசி போட்டுவிட்டால் பித்தநாளங்கள் பச்சைக் கோடுகளாகத் தெரியும். பித்தப்பை அறுவையில் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது, பித்தப்பையின் குழாய் என்று நினைத்து கல்லீரலிலிருந்து வரும் முதன்மைப் பித்தநாளத்தை வெட்டிவிடுவதற்குத்தான். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தக் காயம் ஏற்படலாம் என்பது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அந்த ஒருவருக்கு அது மாதக்கணக்கான துன்பம், மறுபடி பெரிய அறுவை. வீக்கம் அதிகமாகி எல்லாமே ஒட்டிக்கிடக்கும் வயிற்றில், எது எது என்று காட்டும் பச்சைக் கோடு டாக்டருக்குப் பெரிய துணை.

இரண்டாவது, குடல் புற்றுநோய். கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைப்பார்கள். இணைத்த இடத்துக்கு ரத்த ஓட்டம் சரியாக இல்லை என்றால் தையல் ஆறாது, கசியும். கசிந்தால் உயிருக்கே ஆபத்து. சாயத்தைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் ரத்தம் போகும் குடல் பச்சையாக ஒளிரும். போகாத பகுதி இருட்டாகவே நிற்கும். எங்கே வெட்டி இணைப்பது என்பதை அங்கேயே, அப்போதே முடிவு செய்யலாம்.

மூன்றாவது, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய். புற்றுநோய் பரவும்போது முதலில் போய்த் தங்குவது நிணநீர்க் கணுக்களில். ஊரில் 'நெறி கட்டியிருக்கு' என்பார்களே, அதே நெறிதான், இது உள்ளே இருப்பது. பழைய முறையில் இடுப்புப் பகுதிக் கணுக்களை மொத்தமாக எடுப்பார்கள். அதன் பின்விளைவாகச் சிலருக்குக் கால் வீங்கி வாழ்நாள் முழுக்கத் தொல்லை கொடுக்கும். கருப்பை வாயில் சாயத்தை ஊசியாகப் போட்டால், அது நிணநீர்ப் பாதையில் ஓடி முதல் கணுவை ஒளிரவைக்கும். அதை மட்டும் எடுத்துப் பரிசோதித்தால் போதுமா? 2017-ல் வெளியான 'ஃபயர்ஸ்' என்ற அமெரிக்க ஆய்வு இதைத்தான் கேட்டது. ரோபோ மூலம் அறுவை செய்துகொண்ட 340 பெண்களுக்கு இப்படிக் கணுவைத் தேடினார்கள். முதல் கணுவைக் கண்டுபிடித்துச் சோதிக்க முடிந்தவர்களில், கணுவுக்குப் பரவியிருந்த புற்றுநோயை இந்த முறை 97 சதவீதம் சரியாகப் பிடித்தது.

இந்த மூன்றிலும் வேலையின் கடினமான பகுதியைச் செய்வது சாயமும் கேமராவும். இதே அகச்சிவப்புக் கேமரா சாதாரண லேப்ராஸ்கோப்பி கருவியிலும் பொருத்தக் கிடைக்கிறது. ரோபோவின் விலையில் அது ஒரு சிறு பங்கு.

வரம்பும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஒளி திசுவுக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான் தெரியும். கொழுப்பு அதிகமாக மூடியிருந்தால் மங்கும். சாயத்தில் அயோடின் கலந்த உப்பு உண்டு என்பதால் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். தவிர, ஐசிஜி புற்றுநோயைத் தேடிப்போய் ஒட்டும் சாயம் கிடையாது. ரத்தமும் நிணநீரும் பித்தநீரும் போகும் வழியைக் காட்டும், அவ்வளவுதான். பச்சையாக ஒளிர்வதெல்லாம் புற்று என்றோ, ஒளிராததெல்லாம் நல்ல திசு என்றோ நினைத்துவிடக் கூடாது.

சாயம் எங்கிருந்து வருது தெரியுமா?

இந்தச் சாயம் ஏதோ அமெரிக்க இறக்குமதி என்று நினைத்தால் தப்பு. மதுரையில் தயாராகிறது. அரவிந்த் கண் மருத்துவக் குழுமத்தின் ஆரோலேப் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. கண்ணின் உட்புற ரத்தக்குழாய்களைப் படமெடுக்க கண் டாக்டர்கள் ஐசிஜியை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஆரோலேப் பெயர் இங்கே வருவதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு. ஒன்றின் விலை நூறு டாலருக்குக் குறையாது. 1992-ல் தொடங்கிய ஆரோலேப் அதை மதுரையிலேயே செய்து பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. அதன் பிறகுதான் ஏழை நோயாளிக்கும் லென்ஸ் வைப்பது வழக்கமானது. கண்புரை சிகிச்சை நம் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஓர் உயர்ந்த இயந்திரத்தால் அல்ல. தேவையான ஒரு சின்னப் பொருளைக் கண்டுபிடித்து, அதன் விலையை உடைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனதால். அறுவை சிகிச்சைக் கேமரா விஷயத்திலும் போக வேண்டிய பாதை அதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

"கேமரா சரி, முழு ரோபோவே இருந்தால் இன்னும் நல்லதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் விளம்பரம் சொல்வதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

மலக்குடல் புற்றுநோய்க்கு ரோபோவையும் சாதாரண லேப்ராஸ்கோப்பியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 'ரோலார்' ஆய்வு 2017-ல் வெளியானது. 10 நாடுகளில் 471 நோயாளிகள். சிறு துளை வழியாக முடிக்க முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது ரோபோவில் 8.1 சதவீதம் பேருக்கு, லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம் பேருக்கு. பார்க்க ரோபோ ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் இந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வரக்கூடியது என்றுதான் புள்ளியியல் சொன்னது.

2018-ல் வந்த இன்னொரு ஆய்வு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. கருப்பைவாய்ப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் உள்ள 631 பெண்களிடம், துளை வழி அறுவையையும் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையையும் ஒப்பிட்டார்கள். துளை வழி என்பதில் பெரும்பகுதி லேப்ராஸ்கோப்பி, மீதி ரோபோ. நாலரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம். துளை வழியில் 86 சதவீதம்தான். சின்னத் தழும்பு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் இந்த ஒரு நோய்க்குப் பழைய, பெரிய தழும்புதான் பாதுகாப்பானது என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புற்றுநோய்க்கு ரோபோவைப் பயன்படுத்துவதில் கவனம் தேவை என்று எச்சரித்தது.

ரோபோவால் பயன் இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. புராஸ்டேட் மாதிரி இடுப்பெலும்புக்குள் ஆழத்தில் செய்யும் அறுவைகளில் பல டாக்டர்கள் அதை விரும்பக் காரணம் இருக்கிறது. எந்த நோய்க்கு, எந்த நோயாளிக்கு, யார் கையில் என்பதைப் பொறுத்தது. 'லேட்டஸ்ட்' என்பது தானாகவே 'பெஸ்ட்' ஆகிவிடாது.

விலை மட்டும் அல்ல, தீனியும் போடணும்

யானை வாங்குவது ஒரு செலவு, தீனி போடுவது தினச் செலவு. ரோபோவும் அப்படித்தான். அதன் பல கருவிகளுக்கு இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்ற கணக்கு உண்டு. கணக்கு முடிந்தால் இயந்திரமே அந்தக் கருவியை ஏற்காது, புதிது வாங்க வேண்டும். டா வின்சிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் மட்டும் 80,000 டாலருக்கு மேல். வாரத்துக்கு ஒன்றிரண்டு அறுவைக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. தவிர, அடிக்கடி செய்யாத டாக்டருக்குக் கைப்பழக்கமும் வராது.

"சென்னை டாக்டர் அங்கே உட்கார்ந்தே இங்கே ஆபரேஷன் பண்ணலாமே?" என்றும் கேட்பார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்த டாக்டர் குழு, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த பெண்ணுக்குப் பித்தப்பையை எடுத்தது உண்மைதான். ஆனால் அதற்கும் நோயாளி இருக்கும் ஊரில் முழு ரோபோ, ஏதாவது ஆனால் உடனே வயிற்றைத் திறக்கத் தயாராக ஒரு டாக்டர் குழு, ஒரு நொடிகூட அறுந்துபோகாத இணைப்பு எல்லாம் வேண்டும். தூரத்திலிருந்து செய்வதால் இங்கே செலவு குறைந்துவிடாது.

கேமராவுக்கும் தீனி உண்டு. ஆனால் அது வேறு மாதிரி. ஏசி அறையில் குளிர்ந்து கிடக்கும் ஸ்கோப், 37 டிகிரி சூடும் ஈரமும் உள்ள வயிற்றுக்குள் போனதும் மூக்குக் கண்ணாடி மாதிரி பனிபிடிக்கும். வெந்நீரில் நனைத்துத் துடைத்து விடுவார்கள். கரண்டால் திசுவைச் சுடும்போது எழும் புகை படத்தை மறைக்கும். தொடங்குவதற்கு முன் வெள்ளைத் துணியைக் காட்டி நிறத்தைச் சரிசெய்யாவிட்டால் ரத்தமும் பித்தமும் தப்பான நிறத்தில் தெரியும். ஒளி கடத்தும் கேபிளைக் கண்டபடி மடக்கினால் உள்ளே இழைகள் உடைந்து வெளிச்சம் குறையும். ஒரு கோடி ரூபாய் கேமராவைக் குருடாக்க ஒரு கவனக்குறைவு போதும். இதையெல்லாம் கவனிக்கத் தேர்ந்த செவிலியரும், தியேட்டர் டெக்னீஷியனும், கூப்பிட்டால் அன்றே வரும் பயோமெடிக்கல் இன்ஜினீயரும் வேண்டும். ரிப்பன் வெட்டும் விழாவில் இவர்கள் யாரும் மேடையில் இருக்க மாட்டார்கள்.

அப்போ புதுக்கோட்டைக்கு இரண்டாம் தரமா?

இந்த வாதத்துக்கு வரும் கடுமையான எதிர்ப்பு இதுதான்: "சென்னைக்காரனுக்கு ரோபோ, எங்களுக்கு மட்டும் கேமராவா? எல்லாத்துலயும் கடைசிதானா நாங்க?" இந்தக் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. மருத்துவக் கல்லூரிக்கே 2017 வரை காத்திருந்த மாவட்டம் இது.

ஆனால் எது முதல் தரம் என்பதை யார் தீர்மானிப்பது? வருஷம் முழுக்க வரும் பித்தப்பை, குடல், கருப்பை அறுவைகள் ஒவ்வொன்றிலும் தெளிவான கண் கிடைப்பதா, இல்லை சில அறுவைகளுக்கு மட்டும் ஓடி மீதி நாள் உறை போட்டு மூடியிருக்கும் இயந்திரமா? முதலாவதுதான் முதல் தரம். ரோபோ வேண்டாம் என்பது வாதமே இல்லை. திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றிலும் பெரிய அரசு மருத்துவமனைகள் உள்ள இந்தப் பகுதிக்குச் சேர்த்து ஓர் இடத்தில் ரோபோ இருக்கட்டும். உண்மையிலேயே தேவைப்படும் நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி, தேதி உறுதி செய்து, கூட வருபவருக்குத் தங்க இடமும் கொடுத்து அனுப்பட்டும். முள்ளூரில் ஐசிஜி வசதியுள்ள கேமராக்கள், 3டி திரை, சாயம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க ஏற்பாடு, பராமரிக்க ஆள், ஜூனியர் டாக்டர்களுக்குப் பயிற்சி. இந்த வரிசையில் போனால் நாளைக்கு ரோபோ வரும்போது அதை ஓட்டத் தெரிந்த கண்ணும் கையும் இங்கேயே தயாராக இருக்கும்.

ரோபோ என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் நோய்க்கு ரோபோவால் தனியாக என்ன நன்மை? சாதாரண லேப்ராஸ்கோப்பியில் செய்தால் என்ன குறையும்?

2. புற்றுநோய் என்றால், இந்த வகைக்குத் துளை வழி அறுவை பாதுகாப்பானதா? குறிப்பாகக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

3. நீங்கள் இதுவரை இதே அறுவையை ரோபோவில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

4. ஐசிஜி கேமரா உண்டா? என் அறுவையில் அது பயன்படுமா?

5. மொத்தச் செலவு எவ்வளவு? முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை என்றாலும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனித் தொகை நிர்ணயம் உண்டு. ரோபோவுக்கு எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு என்று காப்பீட்டுக் கவுன்டரில் எழுதி வாங்குங்கள். தனியார் பாலிசிகள் ரோபோ அறுவையை அடியோடு ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி வைத்திருக்கிறது. ஆனால் உச்சவரம்பு போடலாம். அதையும் பாருங்கள்.

டாக்டரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர் பதில் சொல்வார்.

முத்துலட்சுமி பிறந்த ஊர்

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மன்னர் கல்லூரியில் சேரவே போராட வேண்டியிருந்தது. பிறகு டாக்டரானார். மலக்குடல் புற்றுநோயால் தன் தங்கையை இழந்தார். அந்தத் துயரம்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அவர் பிறந்த ஜூலை 30-ஐ தமிழக அரசு மருத்துவமனைகள் ஆண்டுதோறும் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகின்றன.

அந்தத் தங்கைக்கு வந்த அதே நோய் இன்று இந்த மாவட்டத்தில் ஒருவருக்கு வந்தால், அறுவை மேஜையில் அவருடைய குடலின் எந்தப் பகுதிக்கு ரத்தம் ஓடுகிறது, எதற்கு ஓடவில்லை என்று பார்த்துச் சொல்லும் கண் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாயம் மதுரையில் தயாராகிறது. டாக்டர்கள் முள்ளூரில் இருக்கிறார்கள். நடுவில் தேவைப்படுவது ஒரு கேமராவும், அதைத் துடைத்துப் பராமரிக்க ஆளும்தான். அடுத்த ஜூலை 30-க்குள் இதைக் கேட்டு வாங்குவது, மாவட்டத்தின் எம்எல்ஏக்களுக்கும் எம்பிக்களுக்கும் அவ்வளவு பெரிய வேலையா என்ன?